குறை ஸ்பிரிங் குழாயில் இருந்தது, என் மகளின் தோளில் இல்லை

"தோளில் வலு போதாது. அதனால்தான் துப்பாக்கி மாட்டுகிறது."

சுட்ட காலித் தோட்டா வெளியே வராமல் துப்பாக்கி சிக்கி நிற்கிறதே, அதற்குச் சொன்ன காரணம் இது. நாலு மாதமாக என் 15 வயது மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், பக்கத்தில் நின்று சுடுகிறவர் சொன்னார். டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர் சொன்னார். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் கடைக்காரரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். ஒருத்தராவது துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார்களா? இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. இதை எழுதிக் கொட்டினால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்.

நாங்கள் ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கிறோம். டெக்சஸில் பள்ளிப் பிள்ளைகள் க்ளே சுடுவது, அதாவது பறக்கவிடும் தட்டைச் சுட்டு உடைப்பது, ஒன்றும் அதிசயம் இல்லை. ஃபோர்-எச் போன்ற மாணவர் அமைப்பிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. அவள் சுடுவது ஸ்கீட். அரைவட்டத்தில் ஏழு நிலை, நடுவில் எட்டாவது. இரண்டு பக்கமும் இரண்டு கூண்டு, ஒன்றிலிருந்து தட்டு உயரமாகவும் மற்றதிலிருந்து தாழ்வாகவும் பறந்து வரும். ஒரு சுற்றுக்கு 25 தோட்டா. இதில் 1, 2, 6, 7 ஆகிய நிலைகளில் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். முதல் தட்டை உடைத்த கையோடு அடுத்ததை உடைக்க வேண்டும். நடுவில் இருப்பது ஒரு மூச்சு நேரம்தான். ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுகிற செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பதே அந்த ஒரு மூச்சுக்காகத்தான்.

அந்த இரண்டாவது தட்டில்தான் எங்கள் துப்பாக்கி கழுத்தறுத்தது.

நாங்கள் வாங்கியது கைமாறி வந்த 12 கேஜ் ஷாட்கன், கேஸில் ஓடுகிற வகை. இதன் வேலை இப்படி: தோட்டா வெடித்ததும், குழலின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகக் கொஞ்சம் புகைவாயு கீழே இறங்கும். அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன், தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளும். போல்ட் போகிற வேகத்தில் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி காலித் தோட்டாவை இழுத்து வரும், எஜெக்டரில் மோதி அது வெளியே தெறிக்கும். பிறகு, தோளில் பதிகிற பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ளும்போது புதுத் தோட்டா ஏறும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். எங்கள் துப்பாக்கியில் போல்ட் முழுத்தூரம் பின்னால் போகவில்லை. காலித் தோட்டா வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே, போல்ட்டின் வாயில் கடிபட்டு நிற்கும். பிள்ளை துப்பாக்கியைத் தாழ்த்தி, பாதுகாப்பாகக் குழலைத் திடல் பக்கம் திருப்பி, கையால் அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் இரண்டாவது தட்டு புல்லில் விழுந்து கிடக்கும். "அம்மா, மறுபடியும்" என்று திரும்பிப் பார்ப்பாள். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

சரி, தோள் விஷயத்துக்கே வருகிறேன். கெட்டியாகப் பிடிக்காவிட்டால் மாட்டும் என்கிற பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இத்தாலியின் பெனெல்லி கம்பெனி பிரபலமாக்கிய இனெர்ஷியா முறை இருக்கிறது. அதில் கேஸ் கிடையாது. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது போல்ட்டின் உடல் பகுதி அசையாமல் நிற்க, நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, அந்த விசையில்தான் எல்லாம் நடக்கும். அதற்குத் துப்பாக்கி எப்படி நகர்கிறது என்பது முக்கியம், அதனால் தோளில் எப்படிப் பதிகிறது என்பதும் முக்கியம். எங்களுடையதில் பிஸ்டனைத் தள்ளுவது புகைவாயு. தோளுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. எந்த வகைத் துப்பாக்கி என்று கேட்கக்கூடத் தோன்றாதவர்கள், பெண் பிள்ளை என்று பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதே துப்பாக்கியை என் கணவர் சுட்டபோதும் மாட்டியது. அவர் தோளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை! "ஆமாம், சில துப்பாக்கி அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அடுத்த யோசனை: "கனமான தோட்டா போடு." அவள் சுடுவது 28 கிராம் ஈயக்குண்டு உள்ள தோட்டா. 32 கிராமுக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். மாட்டுவது குறைந்தது, நிற்கவில்லை. ஆனால் ஒரு பயிற்சி நாளில் நாலு சுற்று, 100 தோட்டா. இரண்டு வாரத்தில் காலர் எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், ஓரம் மஞ்சளாகவும் நடு ஊதாவாகவும் இருந்தது. பையைத் தோளில் மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நான் துணியில் ஐஸ் கட்டி வைக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் வலு இல்லை என்று சொன்ன அதே ஆட்கள்தான் அந்தத் தோளை இந்தக் கதிக்கு ஆளாக்கினார்கள். உண்மையான கோளாறை இன்னும் கொஞ்சம் கேஸ் கொடுத்து மூடி மறைக்கிற வேலை அது, வைத்தியமே இல்லை.

அப்புறம் கடை. ஆறு வாரம் வைத்திருந்தார்கள். திருப்பித் தரும்போது 85 டாலர் பில், ஒரு சீட்டு. அதில் "சோதித்தோம், குறை எதுவும் இல்லை" என்று இரண்டு வரி. எந்தத் தோட்டா போட்டுச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டதே தப்பு என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்: வாத்து வேட்டைக்குப் போடுகிற கனமான மூன்று அங்குலத் தோட்டா. நான் சீட்டில் எழுதிக் கொடுத்த புகார் என்ன? "28 கிராம் தோட்டாவில் மாட்டுகிறது." அந்த 28 கிராமில் ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பார்க்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து தள்ளினால் ஹேண்ட்பிரேக் போட்ட காரும் நகரும். அதைப் பார்த்து பிரேக் சரியாக இருக்கிறது என்று சீட்டு எழுதுவதா? நான் பேசப் பேச, அவர் பதிலை என் கணவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். அது இன்னொரு கொதிப்பு, அதை விடுகிறேன்.

லேசான தோட்டா, கனமான தோட்டா என்கிற சிக்கல் நேற்று முளைத்தது இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5, பெரிய அளவில் வெற்றி பெற்ற முதல் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன். 1900இல் காப்புரிமை வாங்கினார். ரெமிங்டன் கம்பெனித் தலைவரிடம் காட்டலாம் என்று 1902 ஜனவரியில் போய்க் காத்திருந்தபோது, அந்த மனிதர் மாரடைப்பில் இறந்துபோனார். பிரவுனிங் அதை பெல்ஜியத்துக்கு எடுத்துப் போய் எஃப்என் என்கிற துப்பாக்கி ஆலையில் செய்ய வைத்தார். அந்தத் துப்பாக்கிக்குள், தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் மேகசின் குழாய்மேல் ஒரு உராய்வு வளையம் இருக்கும். கனமான தோட்டாவுக்கு அதை ஒரு இடத்தில் வைக்க வேண்டும், லேசானதற்கு இடம் மாற்ற வேண்டும். நூற்று இருபது வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் இதை யோசித்து, கையால் மாற்றுகிற மாதிரி ஒரு வழியும் செய்து கொடுத்தார். இன்றைக்குக் கடை வைத்திருப்பவருக்கு எந்தத் தோட்டா என்று கேட்கத் தெரியவில்லை.

என் அப்பா கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். மோட்டார் ஓடவில்லை என்று யார் வந்தாலும் அவர் முதலில் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்ப்பார். அப்புறம் ஸ்டார்ட்டர், அப்புறம் கெப்பாசிட்டர். காயிலில் கை வைப்பது கடைசியில்தான். "நல்லா ஓட்டத் தெரியலையா கண்ணு?" என்று ஒரு விவசாயியிடம் அவர் கேட்டதை நான் பார்த்ததில்லை.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரல் விட்டுத் தடவி இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, தோட்டா டப்பாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு.

அதற்கு முந்தின சனிக்கிழமை ரேஞ்சிலேயே ஒன்று கவனித்தேன். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடச் சொன்னேன். எங்கள் துப்பாக்கியில் கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னாலேயே பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பத்துத் தடவையில் ஆறு தடவை நிற்கவில்லை. அதாவது போல்ட் முழுத்தூரம் போகவே இல்லை. தட்டு உடைந்ததா இல்லையா என்பதோ, யார் சுட்டார்கள் என்பதோ இதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நாலு மாதத்தில் அந்த ஐந்து நிமிடத்தை ஒருவரும் கொடுக்கவில்லை.

மாட்டின காலித் தோட்டாக்களையும் பொறுக்கி வந்திருந்தேன். அடிவிளிம்பில் கொக்கி பிறாண்டின தழும்பு இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் வழுக்குகிறது என்று அர்த்தம். அப்படி இல்லை, விளிம்பு சுத்தமாக இருந்தது. மலிவான சில தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளை மாதிரி மினுக்கும், ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்தால் ஒட்டும், உள்ளே இரும்பு. வெடிக்கும் அழுத்தத்தில் விரிந்தால் அது பித்தளை அளவுக்குச் சுருங்கி விடாது, சேம்பரில் பிடித்துக்கொள்ளும். எங்களுடையதில் காந்தம் ஒட்டவில்லை. சேம்பர் கையில் வழுவழுப்பாக இருந்தது. கேஸ் துளைகளில் கரி கொஞ்சம் இருந்தது, எடுத்தேன், அடைப்பு என்று சொல்கிற அளவு இல்லை. பிஸ்டனும் சீல்களும் நன்றாக இருந்தன. சில பழைய மாடல்களில், 1963இல் வந்த ரெமிங்டன் 1100 போன்றவற்றில், ஒரு ரப்பர் ஓ-ரிங் கிழிந்தாலே கேஸ் ஒழுகி இதே மாதிரி நிற்கும். அதையும் மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது பின்கட்டை. ரப்பர் பேடைக் கழற்றி, உள்ளே இருந்த நட்டைத் திருகி, கட்டையை உருவினேன். ஸ்பிரிங் உட்காரும் குழாய் வெளியே வந்தது. அதன் மூடியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் பொத்திப் பிடித்துத்தான் திறந்தேன், ஸ்பிரிங் அமுக்கத்தில் இருக்கும், முகத்துக்குப் பாயும். அது பாயவில்லை. மெதுவாக ஊர்ந்து வந்தது. பழைய வெல்லப்பாகு மாதிரி கருப்பும் பழுப்புமாக ஒரு பசை, அதில் துரு நறநறவென்று கலந்திருந்தது. ஸ்பிரிங்கின் பாதிச் சுற்றுகள் குழாய்ச் சுவரோடு ஒட்டியிருந்தன. முன்னால் வைத்திருந்தவர் எண்ணெயை ஊற்று ஊற்று என்று ஊற்றி, குழல் மேலே பார்த்தபடி நிறுத்தியே வைத்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் எண்ணெய் எல்லாம் பின்னால் வடிந்து, அங்கேயே காய்ந்து, இந்த வளைகுடா ஈரக்காற்றில் துருவோடு சேர்ந்துவிட்டது. போல்ட் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேற்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் போக வேண்டியிருந்தது. 28 கிராம் தோட்டாவின் கேஸுக்கு அது முடியவில்லை. வாத்துத் தோட்டாவின் கேஸுக்கு முடிந்தது. கடைக்காரரின் சீட்டில் இருந்த "குறை எதுவும் இல்லை" என்பதன் முழு ரகசியமும் இதுதான்.

குழாயைக் கரைப்பான் ஊற்றித் தேய்த்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்து, எண்ணெய் மூச்சு விட்ட மாதிரி மட்டும் தடவி, புது ஸ்பிரிங் போட்டேன். ஸ்பிரிங் விலை 20 டாலருக்குள். இப்போது துப்பாக்கியைக் குழல் கீழே பார்த்தபடிதான் வைக்கிறோம்.

போன ஞாயிறு 28 கிராம் தோட்டாவில் நாலு சுற்று சுட்டாள். நூறும் போனது, ஒன்றுகூட மாட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஆசையில் ஒலிம்பிக்கில் சுடுகிற 24 கிராம் தோட்டா ஒரு டப்பா வாங்கிப் போட்டோம், அதுவும் தெறித்து விழுந்துகொண்டே இருந்தது. ஆறாவது நிலையில் இரட்டைத் தட்டு. இரண்டும் தூளானது. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, கண் அடுத்த நிலைமேல் இருந்தது. கன்றின இடம் இன்னும் முழுதாக மறையவில்லை.

பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லையே, தோளில் வலு வந்துவிட்டது."

அங்கேயே அவரைக் கூப்பிட்டு, செல்போனில் இருந்த குழாயின் படத்தைக் காட்டினேன். பார்த்தார். "ஓ" என்றார். மகளிடம் போய் ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை.

பழைய ஸ்பிரிங்கை அந்தப் பசையோடு ஜிப்லாக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை கடை திறக்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பையைக் கவுண்டரில் வைத்து, 85 டாலரைத் திருப்பிக் கேட்கப்போகிறேன். அவர் பதிலை அவளைப் பார்த்துச் சொல்லட்டும்.