பட்டங்களோடு முடிந்துவிடாத வரலாறு

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டம் வென்றதையும், தொடர்ச்சியாக 60 ஆட்டங்களில் வெற்றி பெற்றதையும் அந்த அணியைப் பற்றி நான் வாசித்த கட்டுரை சிறப்பாக விவரிக்கிறது. ஆனால், அந்த அணிக்கு அப்போது வளாகத்தில் சொந்த ஆட்டரங்கம்கூட இல்லை என்பதையும், ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கில்தான் அவர்கள் பயிற்சி பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சாதனையின் உண்மையான அளவு வாசகருக்குப் புரியும். வளாகத்தில் அரங்கம் எழுந்ததோ 1958இல். அணியின் நட்சத்திர வீரர் பில் ரஸ்ஸல் அதற்குள் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணிக்குச் சென்றுவிட்டார்.

நிறவெறி வெளிப்படையாகவே நிலவிய அக்காலத்தில் ரஸ்ஸல், கே. சி. ஜோன்ஸ், ஹால் பெர்ரி என மூன்று கறுப்பின வீரர்களைத் தொடக்க ஐவரில் நிறுத்தியவர் பயிற்சியாளர் ஃபில் வுல்பர்ட். ஓக்லஹோமா நகரில் கறுப்பின வீரர்களுக்கு விடுதி அறை மறுக்கப்பட்டபோது, மொத்த அணியும் அவர்களுடனேயே மாணவர் விடுதியில் தங்கியது. வெற்றிக் கோப்பைகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டுரை அறவே தொடாத இன்னொன்றும் உண்டு. விதிமீறல்கள் தொடர்ந்ததால் 1982இல் பல்கலைக்கழகமே முன்வந்து இந்த அணியைக் கலைத்தது. 1985இல்தான் மீண்டும் தொடங்கியது. இத்தனை புகழ்பெற்ற அணியைத் தானாகவே நிறுத்துவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.