பிரண்டைத் துவையலும் ஆச்சியும்

திவசச் சமையலில் கோசும் பீன்ஸும் ஏன் சேர்க்கப்படுவதில்லை என்று விளக்கும் ஒரு கட்டுரையை, எங்கள் ஆச்சியின் 6ஆம் ஆண்டுத் திதிக்கு முந்தைய மாலை, பிரண்டை ஆய்ந்துகொண்டே படித்தேன். விசுவாமித்திரர் 1008 காய்களோடு விருந்து கேட்டபோது, பாகற்காய் 100 காய்களுக்குச் சமம், பிரண்டை 300க்கு, பலாக்காய் 600க்கு, அவற்றோடு வேறு 8 காய்கள் என்று வசிட்டர் வீட்டில் கணக்கு நேர்செய்த கதையைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார்; ஆச்சி அதை ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்லாமல் இருந்ததில்லை.

பிரண்டையின் சாறு பட்டால் கை அரிக்கும் என்பதால், என் விரல் ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய் தடவிவிட்ட பிறகே இளங்கணுக்களை என்னிடம் தருவார். தம் கையில் மட்டும் தடவிக்கொள்ள மாட்டார். நார் உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, உளுந்தும் மிளகாய் வற்றலும் வறுத்துப் புளியோடு அம்மியில் அரைப்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டில் இப்போது மிக்சிதான், அதை அவர் மன்னித்திருப்பார் என்று தோன்றவில்லை. மறுநாள் இலையில் வைத்த துவையல் நாக்கில் சற்றே அரித்தபோது, "புளி காணாது" என்று அம்மா, அச்சு அசலாக ஆச்சியின் குரலிலேயே சொன்னார்.