கண்ணாடி மட்டும் போதாது
கல்லூரியில் புகைப்படக்கலை கற்பிப்பவர்கள் தங்கள் கண்காட்சிப் படங்களுக்குக் கண்ணாடி போட்டுவிட்டால் ஈரம் அண்டாது என்கிறது ஒரு கட்டுரை. டெல்டாவில் அது பாதி உண்மைகூட இல்லை. ஐப்பசி அடைமழையில் கண்ணாடியைத் தொட்டிருக்கும் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகி அதோடு பிடித்துக்கொள்ளும். பிரித்தால் உரிந்து வரும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டையை (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) சன்னல்போல் வெட்டி வைத்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். படத்தின் மேல் விளிம்பை மட்டும் ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் (மாச்சத்து) பசையும் கொண்டு ஒட்டுங்கள். நாலு பக்கமும் செல்லோடேப் போட்டால் தாள் விரிய வழியின்றி நெளிந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு வைத்து, சுவரின் ஈரம் படாமல் விலக்கியே மாட்டுங்கள். ஈரத்தை உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் மணிகளோ, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாவிட்டால் வெறும் மணல்தான்.