சடங்கன்பாடியான தரங்கம்பாடி

வெளியூரிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். மாயவரத்தில் பொறையார் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதில்மேல் உட்கார்ந்ததும், வந்தவர்களில் ஒருவர் தவறாமல் சொல்வார்: "அலைகள் பாடும் ஊர்! என்ன அழகான பேரு!"

இருபது வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் முடியவில்லை. வந்திருந்த நண்பரிடம், "அப்போ எடப்பாடியில யாருப்பா பாடினாங்க? வாணியம்பாடியில? காட்பாடியில?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. பாவம், காற்று வாங்க வந்தவர்.

பாடி என்றால் மக்கள் தங்கி வாழும் இடம். ஆயர்பாடியில் இருப்பதும் அதுதான், படை தங்கிய பாடிவீட்டில் இருப்பதும் அதுதான். சென்னையில் பாடி என்றே ஓர் இடம் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, அதை மறுக்கவில்லை. அலையோரம் இருக்கும் குடியிருப்பு, அவ்வளவுதான். சுற்றுலா விளம்பரத்துக்கு இது போதாது போல, அலையைப் பாடவிட்டு விட்டார்கள்.

இந்த ஊரின் பழைய பெயரில் அலையே இல்லை என்பதுதான் சுவாரசியம். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோவில் இருக்கிறதே, அதை எழுப்பிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு, 1305ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்கிறது. சடங்கம் என்றால் வேதத்தின் ஆறு அங்கங்கள். அவற்றைக் கற்ற ஒருவர் பெயரால் சடங்கன்பாடி ஆகியிருக்கலாம். சடங்கன்பாடி, தரங்கம்பாடி என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பழைய பெயர் பொருள் மறந்துபோய், கண்ணெதிரே இருக்கிற அலையைப் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். நிரூபணம் கேட்டால் கையை விரிப்பேன்.

அரசன் வைத்த பெயர் இங்கே ஒட்டவில்லை. அதே பெயர் தெற்கே தூத்துக்குடிக் கடற்கரையில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தில் ஒட்டிக்கொண்டது, இப்போது அங்கே ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள். ஏன் அங்கே நின்றது, இங்கே நிற்கவில்லை? ஆணை போட்டால் மட்டும் பெயர் நிற்பதில்லை, ஊர்க்காரன் வாயில் அது உட்கார வேண்டும்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகை பேசி டென்மார்க்காரர்கள் வந்தார்கள். கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்குப் புதுப்பெயர் வைக்கவில்லை, தங்கள் நாக்குக்கு ஏற்ப 'டிராங்கேபார்' ஆக்கிக்கொண்டார்கள். 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டு முடித்தார். இங்கிருந்து போன கடிதங்களால் ஐரோப்பாவில் டிராங்கேபார் தெரிந்த பெயரானது. 1845இல் பிரிட்டிஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். மீன் விற்கிற ஆச்சிக்கு அன்றும் இன்றும் அது தரங்கம்பாடிதான்.

எங்கள் ஊர்க் கதையும் லேசுப்பட்டதல்ல. சம்பந்தர் பாடியது மயிலாடுதுறையை. நடுவில் அது மாயூரமாகி, பேச்சில் மாயவரமாகி, 1982இல் அரசாணை போட்டு மறுபடி மயிலாடுதுறை ஆனது. ஆனாலும் 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்ற பழமொழியை யாரும் திருத்தவில்லை. பஸ்ஸில் ஏறினால் நானே "மாயவரம் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறேன். 2020இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் ஆணை வந்தது, நினைவிருக்கிறதா? வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதி, ஊரே சிரித்து, சில நாட்களில் வாபஸ் வாங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது கல்வெட்டில் வரும் அந்த 'ஆன'தான். சடங்கன்பாடி 'ஆன' குலசேகரன்பட்டினம். ராஜா தன் பெயரை வைக்கும்போதுகூட பழைய பெயரைப் பக்கத்திலேயே உட்காரவைத்தான். நாம் பெயர் மாற்றினால் பழையதைத் தார் பூசி அழிக்கிறோம், இல்லாவிட்டால் அதற்கு இல்லாத பாட்டைக் கட்டிவிடுகிறோம். ஊர் எல்லைப் பலகையில் 'சடங்கன்பாடியான தரங்கம்பாடி' என்று எழுதினால் என்ன? ஒரு டப்பா பெயின்ட் செலவு.

பக்கத்திலேயே பொறையாரில் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் உண்டு. அச்சுக்கூடத்துக்காக அந்தக் காலத்தில் காகிதம் செய்த இடம். சுற்றுலாக்காரர் யாரும் அங்கே போவதில்லை, அதனால் அந்தப் பெயருக்கு யாரும் இன்னும் கதை கட்டவில்லை. அடுத்த முறை வருகிற நண்பரை முதலில் அங்கேதான் இறக்கப் போகிறேன்.