நெல்லிக்கனியோடு நிறுத்திவிடுகிறோம்

என் மகள் ஆறாம் வகுப்பு. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் அப்பா தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்த அன்றே இரண்டு பேருக்கும் சண்டை. காரணம் ஒரு ஸ்கேல். "அவதான் முதல்ல காய் விட்டா" என்று இவள் ராத்திரி முழுக்க அழுதாள்.

சரி, இதைப் பேசுகிற கதைப் புத்தகம் கிடைக்குமா என்று புத்தகத் திருவிழாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நரி, முயல், தெனாலிராமன். நான் புரட்டியவற்றில் செத்தவர்கள் நட்சத்திரமாகிவிடுகிறார்கள். சண்டை போட்டவர்கள் கடைசிப் பக்கத்தில் "என்னை மன்னித்துவிடு" என்று கட்டிக்கொள்கிறார்கள். எந்தப் பத்து வயசுப் பிள்ளை அப்படிப் பேசுகிறது?

இத்தனைக்கும் அப்படியொரு கதை தருமபுரிக்காரர்கள் வாசலிலேயே கிடக்கிறது. அதியமான் கோட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் என்ன சொல்கிறோம்? நெல்லிக்கனி கொடுத்தான், ஔவையார் வாழ்த்தினார், அவ்வளவுதான். அது புறநானூற்றில் 91ஆம் பாட்டு. 206இல் இதே ஔவையார் அதியமான் வாசலில் காத்துக் காத்துச் சலித்துப்போகிறார். அவன் பரிசில் தராமல் நாள் கடத்துகிறான். உங்கள் ராஜாவுக்குத் தன்னையும் தெரியாதா, என்னையும் தெரியாதா என்று வாயிற்காவலனிடம் பொரிந்துவிட்டு, எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும் என்று மூட்டையைக் கட்டுகிறார். அசல் காய்!

அப்புறம் 235. அதியமான் மார்பில் வேல் பாய்ந்து செத்துவிட்டான். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, புலால் நாறும் என் தலையை மணக்கும் கையால் தடவுவானே என்று புலம்புகிறார். நட்சத்திரமானான் என்றெல்லாம் சொல்லவில்லை.

நடுவில் எப்போது பழம் விட்டார்கள், யார் முதலில் பேசினார்கள்? இந்தப் பாட்டுகளில் இல்லை. சிறுவர் கதை எழுதுகிறவர்கள் அந்த இடத்தைத்தான் எழுத வேண்டும் என்பேன். (கள்ளை என்ன செய்வது என்பது அவர்கள் பாடு.)

மகளிடம் மூன்றையும் சொன்னேன். "அழுறப்பவும் அந்தக் கோபம் ஞாபகம் இருந்திருக்குமாப்பா?" என்றாள். இருந்திருக்கும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கூடுதலாக வைக்கச் சொன்னாள். இன்னும் பேச்சு இல்லையாம். சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் உட்காருகிறார்களாம்.