பிரித்துப் பார்க்காதது பெருமை இல்லை

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் படம் அனுப்பியிருந்தார். அமெரிக்காவிலிருந்து ஊருக்கே திரும்பிவிட்ட ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்த ஃபெண்டர் கம்பெனி ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். 1970 வாக்கில் செய்தது. "அண்ணா, உள்ளே ஒரு ஸ்குரூவைக்கூட யாரும் தொட்டதில்லை. அத்தனையும் ஒரிஜினல். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்துவிட்டேன். பிளக்கைச் சொருகலாமா?"

சொருகாதே என்று உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த 'ஒரிஜினல்' என்கிற வார்த்தை இரண்டு நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. பழைய எலக்ட்ரிக் கிட்டார், வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல் வைத்தது) என்று திரிகிற எங்கள் கூட்டத்தில் இந்த வார்த்தை செய்கிற அட்டகாசத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது. பதிவு நீளம்தான். காபி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வால்வு ஆம்ப்பின் பவர் சப்ளையில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் என்று ஒரு ஜாதி இருக்கிறது, கரண்டைச் சேர்த்துவைத்துச் சீராக்குவது. உள்ளே அலுமினியத் தாளும் ஈரப்பசையும். அந்த ஈரம் காய்ந்தால் கதை முடிந்தது. 15, 20 வருடம் உழைத்தாலே பெரிது. தம்பியின் ஆம்ப்பில் இருப்பதற்கு ஐம்பது தாண்டிவிட்டது. காய்ந்த கண்டென்சர் முதலில் 'ம்ம்ம்' என்று உறுமும். அதோடு நின்றால் நம் அதிர்ஷ்டம். ஷார்ட் ஆனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு போகும், அதற்குப் பின்னால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் போகும். நூறு ரூபாய்ச் சாமானை மாற்ற மனசில்லாமல், ஊரில் எங்கேயும் கிடைக்காத சாமானைக் கொளுத்திக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

இதில் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வருவது எங்கே தெரியுமா? இந்த ஆம்ப்களைச் செய்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ரிப்பேருக்கு வரும் சாமான் எந்த இடத்தில் உயிரை வாங்கும் என்று தெரியும். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை, நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கினார். கழுத்து கோணிப்போனால் கழற்று, வேறு மாட்டு. ஆம்ப் பெட்டியின் உள்பக்கம் பாருங்கள், எந்த ஓட்டையில் எந்த வால்வு என்று ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். சேசிஸை, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தை, திருப்பினால் ஒரு தடித்த அட்டையின் மேல் பாகங்கள் எல்லாம் வரிசையாக, தெருவில் வீடு பார்ப்பது போலத் தெரியும். பிரித்து மாட்டுவதற்காகவே யோசித்துச் செய்த பொருள் இது. அதைப் பிரிக்காமல் வைத்திருப்பதைத்தான் நாம் பெருமை என்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது ஒரு ஃபெண்டர் சாம்ப். ஐந்தாறு வாட், எட்டு இன்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு 6வி6 வால்வு, தூக்கினால் டிபன் கேரியர் கனம்தான். எனக்கு முன்னால் வைத்திருந்த வீட்டில் யாரோ 120 வோல்ட் ஆம்ப்பை நேராக நம்ம 230 வோல்ட் சுவரில் சொருகியிருக்கிறார்கள். ஃப்யூஸ் தன் கடமையைச் செய்து செத்தது. அடுத்து என்ன செய்தார்கள் என்று நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை ஃப்யூஸ் மேல் சுற்றி மறுபடியும் போட்டிருக்கிறார்கள். என் கைக்கு வந்தபோது பெட்டியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை. பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிருந்தது.

அமெரிக்காவிலிருந்து வேறு டிரான்ஸ்ஃபார்மர் வரவழைத்திருக்கலாம். கோவையில் இருந்துகொண்டு அதைச் செய்வது எனக்கு அவமானமாகப் பட்டது. தெருவுக்குத் தெரு பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஊர் இது. எங்கள் பக்கத்தில் அறுபது வயசைத் தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேடியோ சாமானா? இதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். ஆனால் கீழே வைக்கவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் அடுக்கியிருந்த ஸ்டாம்பிங் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். பழைய காயிலை நான் பிரிக்கப் பிரிக்க அவர் எண்ணினார், ஐம்பது சுற்றுக்கு ஒரு கோடு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில். பாதியில் ஒரு வாடிக்கையாளர் வந்து பேச்சுக் கொடுத்ததில் கணக்கு விட்டுப்போய், அந்த அடுக்கை மட்டும் அகலத்தை அளந்து கம்பித் தடிமனால் வகுத்தோம். ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட், மற்ற வால்வுகளின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், அப்புறம் நடுவில் ஒரு முனை வெளியே எடுத்த அந்த உயர் வோல்டேஜ் சுற்று. பிரைமரியை, அதாவது சுவர்க் கரண்ட் நுழைகிற சுற்றை, 230க்கே கட்டச் சொன்னேன். சுற்று ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும், ஆம்பியர் பாதியாகும், அதனால் கம்பியும் மெலியும். நான் யோசிக்காத ஒன்றை அவர் கேட்டார்: "இது அமெரிக்கக் கரண்டோட அறுபது சைக்கிளுக்குச் செஞ்ச கோர் ஆச்சே, நம்ம ஊர் ஐம்பதுல சூடாகாது?" ஆகும். எல்லாச் சுற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக் கட்டினார். மூன்று நாள் வேலை. பழைய மூடியையே மேலே போட்டு முடுக்கியதும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

இதன் படத்தை ஒரு குழுவில் போட்டேன். முதல் கமெண்ட்: "மதிப்பு போச்சே ப்ரோ." ஓடாத ஆம்ப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். பதில் இல்லை, ஒரு அழுகை எமோஜி வந்தது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா என்றால், அதுவும் இல்லை. தேய்வதற்கென்றே இருக்கிற சாமானை மாற்றுங்கள்: கண்டென்சர், வால்வு, கிட்டார் கழுத்தில் பதித்த ஃப்ரெட் பட்டைகள், கம்பி தங்கும் நட், பவர் கார்டு. ஓடுவதற்குத் தடையாக இல்லாததைத் தொடாதீர்கள். முக்கியமாகப் பெயிண்ட்டை.

பெயிண்ட் விஷயத்தில் பாவம் செய்தவன் வேறு யாரும் இல்லை, நான்தான். எனக்கு 22 வயது. மெல்லிசைக் குழுவில் முப்பது வருடம் வாசித்த ஒரு பெரியவர், கை நடுங்க ஆரம்பித்ததும் தன் கிட்டாரை என்னிடம் கொடுத்தார். ஜப்பானில் செய்தது, பெயர்ப் பட்டை எப்போதோ விழுந்துவிட்டது. நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகச் சிவந்து, விளிம்பில் கறுப்பு. அவர் முழங்கை உரசிய இடத்தில் மட்டும் பெயிண்ட் போய் மரம் வழவழவென்று தெரியும். எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டு முழுசாகத் தேய்த்து, நண்பனின் டிங்கரிங் பட்டறையில் பளபளவென்று சிவப்பில் டூக்கோ அடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் வாங்கி மடியில் வைத்தார். முழங்கை போகிற இடத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்குப்பா" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கிட்டாரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. டூக்கோ என்று நம்ம பட்டறைகளில் சொல்கிறோமே, அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920களில் கார்களுக்குக் கொண்டுவந்த லாக்கரின் பெயர். ஃபெண்டர் பின்னாளில் கிட்டாருக்கு அடித்த கலர்களும் அதே கார் பெயிண்ட் குடும்பம்தான். ஃபியஸ்டா ரெட் என்று இன்று உருகுகிறார்களே, அது 1956 ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரின் நிறம். ஆக டிங்கரிங் பட்டறைக்குப் போனது தப்பில்லை. உப்புத்தாள்தான் தப்பு.

பழைய கிட்டாருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் சந்தையில் விலை பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மறைக்கவும் முடியாது. கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கைக் காட்டினால், பழைய கிட்டார்களில் பூசிய நைட்ரோ லாக்கர் வயசானால் மஞ்சள் பச்சையாக மினுங்கும், புதிதாகப் பூசிய இடம் தனியே தெரியும். ஆனால் எனக்கு விலை பெரிசு இல்லை. 1995லிருந்து ஃபெண்டரே புதுக் கிட்டாரைச் சுரண்டி, அடிபட்ட மாதிரி ஆக்கி, கூடுதல் விலைக்கு விற்கிறது. காசு கொடுத்து வாங்குகிற அந்தத் தேய்மானத்தை நான் பதினைந்து ரூபாய் உப்புத்தாளில் அழித்தேன்.

தேய்ந்த சாமானை மாற்றுவது, பெயிண்ட்டைத் தொடாமல் விடுவது, இந்த இரண்டும் ஒரே கிட்டாரில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் வைத்திருந்த 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் படத்தைத் தேடிப் பாருங்கள். 1963இல் கார்க் நகரில் 100 பவுண்டுக்கு வாங்கியது. ஒருமுறை திருடு போய், மழையில் பள்ளத்தில் கிடந்து திரும்பி வந்தது. பெயிண்ட் பெரும்பாலும் போய், மரம்தான் மிச்சம். மனிதர் ஒருநாளும் அதை மறுபடி பூசவில்லை. ஆனால் கம்பி முடுக்கும் சாவி, ஃப்ரெட், நட், கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் என்று தேய்ந்ததை எல்லாம் மாற்றிக்கொண்டே சாகும்வரை வாசித்தார். 2024இல் லண்டனில் ஏலம் போனது. இப்போது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது.

பவர் கார்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பழைய அமெரிக்க ஆம்ப்களில் பிளக்குக்கு இரண்டே பின், எர்த் கிடையாது. போதாததற்கு மெயின்ஸில் ஒரு பக்கத்திலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர். அது ஷார்ட் ஆனால் சேசிஸ், கிட்டார் கம்பி, உங்கள் விரல் எல்லாம் ஒரே லைன். எதிரே எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் போதும். அதற்கு 'சாவுக் கண்டென்சர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண் முன்னாலேயே இறந்துபோனார். எர்த் தப்பானால் மேடையில் என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம். அந்தக் கண்டென்சரை வெட்டி எறியுங்கள், மூன்று பின் கார்டு போடுங்கள். 'ஒரிஜினல் கார்டு' என்று யாராவது வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கலாம். பழைய டிவி மெக்கானிக்குகள் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தது ஸ்டைலுக்காக இல்லை. பழக்கமில்லாதவர்கள் திறக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தம்பி நேற்று ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதலில் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பி நம்பரைப் பார்த்தோம்: 137 7012. 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி, 70ஆம் வருடம், பன்னிரண்டாவது வாரம். ஆம்ப் அதற்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது, அவ்வளவுதான் இது சொல்லும். கண்டென்சர்களை மாற்றினோம். கழற்றியதை எல்லாம் ஒரு ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்தோம். அதன் பிறகுதான் சீரீஸ் போர்டு, அதாவது ஒரு பல்பு வழியாக ஆம்ப்புக்குக் கரண்ட் விடுகிற பலகை; ஷார்ட் இருந்தால் பல்பு மங்காமல் எரியும். 60 வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது, தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார், மெதுவாக மங்கியது. ஷார்ட் இல்லை.

ஆனால் ரெக்டிஃபையர் வால்வு சிவக்கவே இல்லை. ஹீட்டர் அறுந்திருக்கிறது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய ரேடியோவில் 5ஒய்3 வால்வு கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ரேடியோ ஓடுகிற நிலையில் இருந்தால் வேண்டாம், அதிலிருந்து பிடுங்க மாட்டேன்.