போன் எடுக்கும் அறைக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள்

புது ஆம்புலன்ஸ் வந்தால் கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறார்கள், பேப்பரில் போட்டோ வருகிறது. நல்லதுதான், வண்டி வேண்டும். ஆனால் நாம் அவசரத்துக்கு 112 அடித்தால் மறுமுனையில் பேசுகிறவர் முன்னால் என்ன கருவி இருக்கிறது, அவருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த அறையைத்தான் என்பது என் கருத்து.

காரணம் நம்ம ஊர் அமைப்பு. பாகூர் பக்கம் சுற்றியவர்களுக்குத் தெரியும். இந்த ஊர் புதுச்சேரி, வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், கொஞ்சம் போனால் மறுபடியும் புதுச்சேரி. முள்ளோடையில் நின்று பேசினால் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கன்னியக்கோயில் தாண்டி ஒரு மழைநாள் ராத்திரி பைக் விபத்து. அடிபட்ட பையனுக்குக் காலில் ரத்தம் நிற்கவே இல்லை. போன் செய்தேன். "எந்த மாவட்டம் சார்? எந்தத் தாலுகா?" என்றார் எடுத்தவர். பார்டர் பக்கம் என்றேன். "எந்த பார்டர் சார்?" என்றார். பிறகு, "அது எங்க லிமிட்ல வராது, லைன்ல இருங்க" என்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே பேரிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் டீக்கடை அக்கா தன் துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர்தான் ஏற்றிக்கொண்டு போனார். பையன் பிழைத்துக்கொண்டான்.

போனில் பேசியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் நின்ற இடம் அவர் திரையில் தெரியவில்லை. "துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க, கையை எடுக்காதீங்க" என்று சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. அந்த அக்காவுக்குத் தோன்றாமல் போயிருந்தால்?

இரண்டுக்குமே வழி இருக்கிறது. அவசர எண்ணை அழைத்தவுடன் இருக்கும் இடத்தைத் தானாகவே அனுப்பும் வசதி இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபோன்களில் உண்டு. அதைப் பெற்றுக்கொள்கிற மென்பொருள், போன் எடுக்கும் கன்ட்ரோல் ரூமில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது.

பயிற்சி அதைவிட முக்கியம். இதயம் நின்றுவிட்டால் 4 முதல் 6 நிமிடத்தில் மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கும். அதற்குள் எல்லா இடத்துக்கும் வண்டி வந்து சேர்வது நடக்காத காரியம். நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய்தான் இருப்பார். அவரைக் கூடவே எண்ணச் சொல்லி, வண்டி வரும்வரை லைனை விடாமல் நடத்திக்கொண்டு போவது தனித் திறமை. அதை ஒருநாள் வகுப்பில் கற்றுவிட முடியாது. வருடா வருடம் ஒத்திகை பார்க்க வேண்டும், உண்மையான அழைப்புகளின் பதிவைப் போட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் ஆள் குறையக் கூடாது, சம்பளமும் கௌரவமாக இருக்க வேண்டும்.

புயல் நம்மை விடுவதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது கரன்ட்டும் போய் செல்போனும் அடங்கிப்போனதை கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் கை கொடுப்பது வயர்லெஸ்தான். அதற்குக் கூடுதல் பேட்டரி, ஜெனரேட்டர், தண்ணீர் ஏறாத மாடியில் கன்ட்ரோல் ரூம், இதெல்லாம் வேண்டும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் முடிந்த கையோடு சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை வெள்ளம் கடலூர், பாகூர் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் புகுந்தது. இரண்டு பக்கத்து கன்ட்ரோல் ரூமும் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அழைப்பை மாற்றும்போது விவரமும் கூடவே போக வேண்டும். எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அது கிளம்ப வேண்டும், நம்பர் பிளேட்டில் பி.ஒய். இருந்தாலும் சரி, டி.என். இருந்தாலும் சரி. கொண்டுபோவது புதுச்சேரி ஜிப்மருக்கா, கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கா என்பதையும், தூரத்தையும் காயத்தையும் வைத்தே முடிவு செய்யட்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இரண்டு நிர்வாகமும் சேர்ந்து எல்லைக் கிராமங்களில் ஒரு கூட்டு ஒத்திகையாவது நடத்த வேண்டும். பாகூர், கடலூர் எம்.எல்.ஏ.க்கள் இதைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். அவர்களைத் தெரிந்தவர்கள் கமென்ட்டில் டேக் செய்யுங்கள். அழைத்தபோது உங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் தேதி, இடத்தோடு எழுதுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.